புகார் கொடுத்தவரின் பெயர்

அன்பு மகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோன பிறகு அந்தத் தட்டை எடுத்துக் கழுவ எனக்கு மனம் வரவில்லை. நீ கேட்டது ஒன்றே ஒன்று. "அம்மா, சித்தி விஷயத்துல நீயே ஒரு புகார் எழுதிக் குடு. வேற யாரும் முன்னால வர மாட்டேன்றாங்க." அதற்கு நான், "எனக்கு இதெல்லாம் வேணாம்பா, ஆள வுடு" என்று சொல்லிவிட்டு ரசம் எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தால் நீ வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாய். "சட்டசபையில மந்திரி பதில் சொல்ல மாட்டேன்றான், ஊட்ல நீ சொல்ல மாட்டேன்ற" என்றாய். நீ கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை சொல்லி ஆறியிருப்பேன். நீ களைப்பாகச் சொன்னாய். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். உனக்கு ஓட்டுப் போட்டவர்களில் நீ தோற்கவேண்டும் என்று ஜெபம் பண்ணின ஒரே ஆள் நான்தான். முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்தேன். ரத்தத்துக்கோ பிணத்துக்கோ பயந்ததில்லை. நீ எம்.எல்.ஏ. ஆனதிலிருந்து போன் மணி அடித்தால் பயப்படுகிறேன். அதிலும் எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. ஆளுங்கட்சி என்றாலாவது போலீஸ்காரன் சல்யூட் அடிப்பான். போன மாதம் இரண்டு தடவை போன் வந்தது, உன்னிடம் சொல்லவில்லை. நல்ல மரியாதையான குரல். "மீ அப்பாயினி கொஞ்சம் நிதானங்கா உண்டமனி செப்பண்டம்மா" என்றது. உங்கள் பையனைக் கொஞ்சம் நிதானமாக இருக்கச் சொல்லுங்கள், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு நடுக்கம் வந்திருக்காது. அதற்குப் பிறகு சர்ச்சுக்கு எதிரே நம்பர் பிளேட் இல்லாத ஜீப் ஒன்று பகலெல்லாம் நின்றது. யாருக்காவது காத்திருந்த வண்டியாகவும் இருக்கலாம். பயந்தவளுக்கு எல்லாமே தனக்காக நிற்பதாகத்தான் தெரியும்.

போன கூட்டத்தொடரில் நீ கேள்வி கேட்டதை லோக்கல் கேபிளில் பார்த்தேன். உன் கேள்வியில் பாதி உள்ளூர், பாதி வெளியூர். லைசென்ஸ் இல்லாத ஏஜெண்டுகள் சித்தூர் மாவட்டத்திலிருந்து பெண்களை வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்கு அனுப்புகிறார்களே, அவர்கள்மேல் இந்த அரசாங்கம் என்ன நடவடிக்கை எடுத்தது என்பது ஒன்று. போன இடத்தில் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிப் பூட்டி வைத்துக்கொள்கிறார்களே, அந்த நாட்டோடு பேசச் சொல்லி டெல்லிக்கு ஒரு கடிதமாவது எழுதினீர்களா என்பது இன்னொன்று. மந்திரி சிரித்துக்கொண்டே எழுந்தார். இரண்டாவது டெல்லி விஷயம், இங்கே பேச முடியாது என்றார். முதலாவதற்கு, "ஒக்க பிர்யாதுகூட ராலேதண்டி" என்றார், ஒரு புகார்கூட வரவில்லையாம். புகார் கொடுத்தவர் யார், பெயர் சொல்லுங்கள் என்று அவர் கேட்டபோது நீ வாயைத் திறந்து மூடினாய். பின்னால் யாரோ உன் தமிழ் கலந்த தெலுங்கைப் பேசிக் காட்டிச் சிரித்தார்கள். நான் டி.வி.யை அணைத்துவிட்டேன். உன் சட்டைப்பையில் அந்தப் பட்டியல் இருந்தது எனக்குத் தெரியும்.

பதினோரு பெயர். கார்வேட்டிநகரம் பக்கம் நான்கு, பாகாலாவைச் சுற்றி ஐந்து, ஏர்பேட்டில் இரண்டு. எல்லோரும் இன்னும் வளைகுடாவில் அந்த வீடுகளுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு இருக்கிறவர்கள். அவர்களுடைய அம்மாக்கள் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "பேரு மட்டும் வெளிய வரக்கூடாது சாமி" என்று கேட்டுத்தான் கொடுத்தார்கள். நீயும் சத்தியம் பண்ணினாய். வியாழக்கிழமை உன் கேள்வி மறுபடியும் வருகிறது. மந்திரி மறுபடியும் பெயர் கேட்பார், மறுபடியும் சிரிப்பார்கள். உன்னைப் பெற்றவளுக்கு உன்னைத் தெரியும். நீ அடி வாங்குவாய், பட்டினி கிடப்பாய், ஆனால் பொய்யன் என்று யாராவது சொன்னால் அரை நிமிஷம் பொறுக்கமாட்டாய். எட்டாம் வகுப்பில் ஒரு சைக்கிள் திருட்டைப் பற்றி உனக்கு யார் சொன்னது என்று ஹெட்மாஸ்டர் கேட்டார். நீ பொய் சொல்கிறாய் என்றதும் உன் சிநேகிதன் பெயரைச் சொல்லிவிட்டாய். நீ உண்மைதான் சொன்னாய். அவனைத் திருடியவர்கள் ஆற்றங்கரையில் வைத்து அடித்ததில் அவன் முன்பல் போனது. அவன் வீட்டுக்குப் போய் நீ வெளியிலேயே நின்று அழுதாய். வியாழக்கிழமை நீ அந்தப் பட்டியலை எடுத்து வாசித்துவிடுவாய் என்று எனக்குப் பயம். ஜீப்பைவிட, போனைவிட இதுதான் பெரிய பயம்.

இந்தப் பயம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். இதை உன் நைனாவைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. அவரும் இதோடுதான் போய்ச் சேர்ந்தார்.

ரூபி சித்தி குவைத்துக்குப் போனபோது உனக்குப் பத்து வயது. அவள் புருஷன் பெங்களூரில் கட்டட வேலை என்று போனவன் திரும்பவில்லை. மாங்கூழ் கம்பெனியில் சீசனுக்கு மூன்று மாதம் கொட்டை எடுக்கிற வேலை, மிச்ச மாதம் சும்மா. திருப்பதி பஸ் ஸ்டாண்டைச் சுற்றி எஸ்.டி.டி. பூத்தும் டிராவல்ஸ் போர்டுமாக முளைத்த வருஷங்கள் அவை. அந்த ஏஜெண்ட் நமக்கு அந்நியன் இல்லை, நம் சர்ச்சுக்காரன்தான். இன்றைக்கு ஆளுங்கட்சியில் பெரிய ஆளாக இருக்கிறான், பெயரை உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அன்றைக்கு ஒரு ஸ்கூட்டரும் ஒரு பையும்தான் வைத்திருந்தான். சித்தியைப் பஸ்ஸில் திருப்பதிக்குக் கூட்டிக்கொண்டு போய், மாடிப்படி ஏறி, அவன் ஆபீசில் உட்காரவைத்தது நான். "நம்ம சர்ச்சுப் பையன், பயப்படாத" என்று சொன்னதும் நான்.

போன வீட்டில் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். இரண்டு வருஷம் என்று சொன்னது மூன்றாயிற்று. ஊருக்கு வருகிற பெண்கள் கையில் கடிதம் கொடுத்து அனுப்புவாள். தமிழில்தான் எழுதுவாள். அந்த வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை என்பது அவளுக்குப் பெரிய தைரியம். ஒரு கடிதத்தில், வீட்டுக்காரர்கள் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போகிறார்கள், பின்வாசல் வழியாக வெளியேறி இந்தியத் தூதரகத்துக்குப் போய்விடப் போகிறேன், யாரிடமும் சொல்லாதே என்று எழுதியிருந்தாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் சொல்லவில்லை, ஆஸ்பத்திரியில் சொல்லவில்லை. கடவுளிடம் சொன்னேன்.

நம் சர்ச் வாசலில் ஜெப விண்ணப்பப் பெட்டி இருக்கிறதே, அதில் ஒரு சீட்டு எழுதிப் போட்டேன். பரீட்சை எழுதும் பிள்ளை, வரன் அமையாத பெண், ஆபரேஷன் என்று எல்லோரும் போடுகிற பெட்டிதான். பெயரும் நாளும் சரியாக எழுதினால்தான் ஜெபம் சரியான இடத்துக்குப் போகும் என்று நாம் வளர்ந்தோம். கடவுளுக்கு ஏதோ விலாசம் தெரியாததுபோல. நானும் ஒழுங்காக எழுதினேன். குவைத்தில் இருக்கும் என் தங்கை ரூபி வருகிற வெள்ளிக்கிழமை அந்த வீட்டை விட்டு வெளியேறித் தூதரகத்துக்குப் பத்திரமாகப் போய்ச்சேர. கீழே என் முழுப்பெயர். ஆராதனையில் போதகர் அதைக் கணீரென்று வாசித்தார். அவர் வாசிக்க ஆரம்பித்ததும்தான் சுற்றி யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தேன். மூன்றாவது வரிசையில் அந்த ஏஜெண்டின் தாயார் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் ஆமென் சொன்னார்கள், நானும் சொன்னேன்.

அந்த அம்மா கெட்டவர்கள் இல்லை. ஆராதனை முடிந்ததும் என்னைக் கட்டிக்கொண்டு, "கவலப்படாதம்மா, வெள்ளிக்கிழம நானும் உபவாசம் இருக்கறேன்" என்றார்கள். சொன்னபடி இருந்தும் இருப்பார்கள். சில வருஷம் கழித்து என் வார்டுக்கே நோயாளியாக வந்தார்கள். ஒரு நாள் காலை ஊசி போடப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "நான்தாம்மா அவங்கிட்ட சொன்னேன். சர்ச்சுல படிச்சாங்கடா, நம்ம புள்ள மாதிரி, ஒத்தாச பண்ணுடான்னு சொன்னேன். அவன் எங்கியோ போன் போட்டுக்கினு இருந்தான், நல்லதுக்குத்தான்னு நெனச்சேன்" என்று அழுதார்கள். நான் ஊசியைப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

அந்த வெள்ளிக்கிழமை பின்வாசலில் ஆள் நின்றிருந்தான். அடித்ததை உனக்குச் சித்தியே சொல்லியிருக்கிறாள். அங்கிருந்து வேறு வீடு, ஊருக்கு வெளியே, கடிதம் கொண்டுவர யாரும் இல்லாத இடம். நான்கு வருஷம் அவள் உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாது. அந்த நான்கு வருஷமும் நீ ஸ்கூல் விட்டு வந்ததும், "சித்தி லெட்டர் வந்துச்சாம்மா" என்று கேட்பாய். இல்லை என்று சொல்லிச் சொல்லி, எந்தக் கேள்விக்கும் முகத்தை மாற்றாமல் பொய் சொல்ல நான் பழகிக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது இடது கை விரல்கள் மடங்கவில்லை. நம் வீட்டிலேயே தங்கினாள். ஒரு நாள் என்னோடு உட்கார்ந்து ஒற்றைக் கையால் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "அக்கா, நான் போவப்போறது அவங்களுக்கு எப்பிடிக்கா தெரிஞ்சுது? தமிழ் படிக்கறவங்க யாருமே அந்த ஊட்ல இல்லியே." நான் தலை நிமிராமல், "தெரியலியே ரூபி" என்றேன். அவளே, "தூக்கத்துல நானே ஒளறியிருப்பேன்" என்றாள். நான் இல்லை என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து சாகும்வரை அவள் முந்தானையை வாயில் சுருட்டி வைத்துக்கொண்டுதான் தூங்கினாள். சித்தி ஏன் இப்படித் தூங்குகிறாள் என்று நீ கேட்டாய். இருமல் என்றேன். அவள் செத்து இரண்டு வருஷம் ஆகிறது. தன் வாய்தான் தன்னைக் காட்டிக்கொடுத்தது என்று நினைத்துக்கொண்டே போனாள். அந்த நினைப்பை ஒரு வார்த்தையில் என்னால் எடுத்திருக்க முடியும். எடுக்கவில்லை. அவள் என்னை வெறுத்துவிடுவாள் என்று பயம். வெறுத்திருக்கமாட்டாள் என்றும் தெரியும், மகனே. அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருக்கிறது.

உன் நைனா நல்ல மனிதர். பாகாலா ஜங்ஷனில் தண்டவாளம் திருப்பிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் வேலை பார்த்தவருக்கு எதை எங்கே திருப்பினால் எது எங்கே போய் மோதும் என்கிற கவலை எப்போதும் உண்டு. "நடந்தது நடந்துபோச்சு. வெளிய சொன்னா அவன் நம்மள வாழ வுட மாட்டான். புள்ளய நெனச்சிக்கோ" என்றார். உன்னை நினைத்துத்தான் வாயை மூடினேன். நீயோ சித்தி சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்து, கட்சியில் சேர்ந்து, ஜெயித்து, அதே விஷயத்தைத் தூக்கிக்கொண்டு சட்டசபைக்குப் போய்விட்டாய். எதிலிருந்து உன்னை ஒளித்துவைத்தேனோ அதன் எதிரிலேயே போய் நிற்கிறாய். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

நீ எழுந்துபோன மறுநாள், அதாவது நேற்று, திங்கட்கிழமை. கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாள். ராத்திரி முழுக்க யோசித்தேன் என்றெல்லாம் இல்லை. காலையில் காபி குடித்தேன், தெலுங்கில் ஒரு அர்ஜி எழுதினேன், சேலை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். பட்டா கேட்கிறவர்களும் பென்ஷன் கேட்கிறவர்களுமாக என்னைச் சுற்றி நின்றார்கள், அவர்கள் யாருக்கும் நான் பயப்படுவது தெரியவில்லை. கிளார்க் நிமிர்ந்து பார்க்காமல் பெயர் கேட்டார், முழுப்பெயர் சொன்னேன், எழுதிக்கொண்டார். "எவரி மீத அம்மா?" என்றார், யார்மேல் புகார் என்று. சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இங்கொகசாரி ஆலோசிஞ்சண்டி" என்றார், இன்னொரு தடவை யோசியுங்கள் என்று. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, மெதுவாகத் தமிழிலேயே, "நீங்க எம்.எல்.ஏ. சார் அம்மாதானே? திரும்ப எடுத்துக்கினு போயிடுங்கம்மா, நான் பாக்கலன்னு வெச்சிக்கறேன்" என்றார். பாவம், அவரும் பயந்தவர்தான். "நெறைய வருஷம் யோசிச்சிட்டேன் சார், சீல் போடுங்க" என்றேன். போட்டார். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் சோடா வாங்கிக் குடித்தேன், பாதி சேலைமேல் கொட்டிவிட்டது.

அந்த அர்ஜியின் நகலையும் சீல் போட்ட ரசீதையும் இதோடு வைத்திருக்கிறேன். ஏஜெண்ட் செய்தது எல்லாம் அதில் இருக்கிறது. சீட்டு எழுதிப் போட்டது நான் என்பதும் இருக்கிறது. அதை விட்டுவிட்டு எழுதினால் மறுபடியும் பொய்யாகிவிடும். இனிமேல் யாரும் புகார் வரவில்லை என்று சொல்லமுடியாது.

நாளை சாயங்காலம் திருப்பதி ஸ்டேஷனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வருவேன். புளிச்சோறும் வடகமும். அந்தப் பதினோரு பேர் பட்டியலை என்னிடம் கொடு என்று கேட்பேன், நீ "எதுக்கும்மா" என்று தட்டிவிடுவாய். பரவாயில்லை, சாப்பாட்டுப் பைக்குள் இந்தக் கடிதமும் இருக்கும், ரயில் ரேணிகுண்டா தாண்டியதும் படிப்பாய். படித்தபிறகு அந்தப் பட்டியலைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பெட்டிக்கு அடியில் வை. அவர்கள் எத்தனை சிரித்தாலும், உன்னைப் பொய்யன் என்றாலும், உன் தெலுங்கைப் பேசிக் காட்டினாலும் அதைத் தொடாதே. உள்ளே இருக்கிற பெண்ணின் பெயரைச் சத்தமாக வாசித்தால் என்ன ஆகும் என்று பார்த்தவள் சொல்கிறேன். டெல்லி விஷயம் என்று அவர் சொல்லும்போதும் விட்டுவிடாதே. உன் சித்தி சித்தூரில் பிறந்தவள், திருப்பதியில் மாடிப்படி ஏறியவள். விமானம் ஏறியதும் அவள் வேறு யாருடைய விஷயமாகவோ ஆகிவிடவில்லை. இதை அப்படியே தெலுங்கில் சொல், தப்பாக வந்தாலும் பரவாயில்லை.

என்மேல் உனக்குக் கோபம் வரும். வரட்டும். ஒரு வாரமோ ஒரு மாதமோ பேசாமல் இரு, ஆனால் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் இரு. எனக்கு என்ன ஆகும் என்றும் யோசிப்பாய். எனக்கும் தெரியவில்லை. பயம் கொஞ்சம்கூடப் போகவில்லை, இந்த வரியை எழுதும்போதுகூட வாசலில் ஏதோ வண்டி நிற்கிற சத்தம் கேட்டு எழுந்து பார்த்துவிட்டு வந்தேன். பால்காரன்.

வியாழக்கிழமை மந்திரி எழுந்து, புகார் கொடுத்தது யார் என்று கேட்பார். உன் சித்தியும் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே கிட்டத்தட்ட அதைத்தான் கேட்டாள், யார் சொன்னது என்று. இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்லவேண்டிய பெயர் அந்த ரசீதில் முதல் வரியில் இருக்கிறது. போதகர் வாசித்ததுபோல நிறுத்தி, கணீரென்று வாசி. நான் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்பேன். இந்தத் தடவை அணைக்கமாட்டேன்.

உன் அம்மா